டைவ் அடித்ததும் பின்தங்கும் மகள்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 33 விநாடி எடுக்கிறாள். நீந்தும்போது பக்கத்து லேன் பிள்ளைகளுக்குச் சமமாகத்தான் போகிறாள். ஆனால் முதல் 15 மீட்டரிலேயே ஒன்றரை மீட்டர் பின்னால் விழுந்துவிடுகிறாள், கடைசி வரை அதை எட்டிப் பிடிக்க முடிவதில்லை. ரியாக்‌ஷன் மெதுவாக இருக்கிறது, இன்னும் தூரமாகக் குதிக்க வேண்டும் என்கிறார் கோச். தூரமாகக் குதித்தால் வயிறு சிவந்துபோகிறது, கண்ணாடியும் கழன்றுவிடுகிறது. போன போட்டியில், குதிக்கும் மேடையான பிளாக்கின் மேல் சாய்வான பலகை ஒன்று இருந்தது. எங்கள் ஊர்க் குளத்தில் அது கிடையாது. எந்தக் காலைப் பின்னால் வைப்பது என்றே குழம்பிப்போனாள். என்ன செய்யலாம்? — மதுரை வாசகி ஒருவர்

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய இரண்டு வீடியோக்களையும் பார்த்தேன். கைப்பேசியை நிலையாகப் பிடித்து, 15 மீட்டர் கோடு தெரியும்படி எடுத்திருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. என் கணக்கில் உங்கள் மகளின் தலை 15 மீட்டரைத் தாண்டும்போது 8.2 விநாடி. பக்கத்து லேன் பெண்ணுக்கு 7.3. மீதி 35 மீட்டரை உங்கள் மகள் 24.8 விநாடியில் நீந்துகிறாள், அந்தப் பெண்ணும் கிட்டத்தட்ட அதே நேரத்தில்தான். ஆகவே உங்கள் கண் சொன்னது சரி. நீச்சலில் குறை இல்லை.

அந்த 0.9 விநாடி எங்கே போனது? இருவர் கால்களும் பிளாக்கை விட்டுக் கிளம்பும் நேரத்தில் வித்தியாசம் 0.1 விநாடிகூட இல்லை. தண்ணீரைத் தொடும் இடத்தில் ஒரு முழம் வித்தியாசம் இருக்கலாம். மீதி எல்லாமே தண்ணீருக்குள் போன பிறகு தொலைந்தது. கோச் சொன்ன இரண்டு விஷயங்களும் தண்ணீருக்கு மேலே நடப்பவை. அவரைக் குறை சொல்ல முடியாது, கரையில் நிற்பவர் கண்ணுக்கு அதுதான் தெரியும். நானே வேலைக்கு வந்த புதிதில் ஒரு பையனை ஒரு மாதம் 'இன்னும் தூரம், இன்னும் தூரம்' என்று குதிக்க வைத்தேன். அவன் பாய்ந்த தூரம் அரையடி கூடியது, 15 மீட்டர் நேரமும் கூடியது. அதற்குப் பிறகுதான் தண்ணீருக்குள் கேமராவை இறக்கிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது.

முதலில் இந்த ரியாக்‌ஷன் விவகாரத்தை முடித்துவிடுவோம். மின்னணுப் பலகையில் பெயருக்குப் பக்கத்தில் 0.68, 0.74 என்று ஓர் எண் வரும். அதைப் பார்த்து 'இவளுக்கு ரியாக்‌ஷன் ஸ்லோ' என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த எண், பீப் ஒலித்ததிலிருந்து கால் பிளாக்கை விட்டுக் கிளம்பும் வரை ஆன மொத்த நேரம். காது கேட்டு, மூளை சொல்லி, தசை இயங்கத் தொடங்க அதில் 0.2 விநாடிக்குள்தான் ஆகும்; அது ஆளுக்கு ஆள் பெரிதாக மாறாது, பயிற்சியால் அதிகம் குறைக்கவும் முடியாது. மீதி அரை விநாடி, கால் பிளாக்கைத் தள்ளுகிற நேரம். அந்தத் தள்ளலில்தான் வேகம் உருவாகிறது.

ஒரு சின்னக் கணக்கு. மகள் எடை 45 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். விநாடிக்கு 3.5 மீட்டர் வேகத்தில் அவள் முன்னோக்கிப் பிளாக்கை விட்டுக் கிளம்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 45-ஐ 3.5-ஆல் பெருக்கினால் சுமார் 157. அரை விநாடியில் அதை உருவாக்க சராசரியாக 315 நியூட்டன், அதாவது 32 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கத் தேவையான அளவு விசையை, பின்னோக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 'சீக்கிரம் கிளம்பு' என்று விரட்டினால் பிள்ளை தள்ளாமலே கிளம்பிவிடும். பலகையில் எண் அழகாக வரும், ஆனால் கையில் வேகம் இருக்காது. அதற்காகப் பிளாக்கில் குடியிருக்கவும் கூடாது. உலகத் தரத்து வீரர்களுக்கு அந்த எண் பெரும்பாலும் 0.6 முதல் 0.7 வரை இருக்கும். உங்கள் மகளின் 0.75 அவள் வயதுக்குக் கவலைப்பட வேண்டிய எண்ணே அல்ல. தயவுசெய்து இனி அதை வீட்டில் பேசாதீர்கள். அது காதில் விழுந்துகொண்டே இருந்தால் பீப்புக்கு முன்பே அசைந்து தகுதிநீக்கம் ஆவதுதான் நடக்கும். இரண்டாவது வாய்ப்பு கொடுக்கும் காலம் எப்போதோ போய்விட்டது.

அடுத்தது, தூரம். பிளாக்கின் முன்விளிம்பு தண்ணீருக்கு மேல் அரை மீட்டர் முதல் முக்கால் மீட்டர் வரை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அதன் மேல் குனிந்து நிற்கும் ஒருவரின் உடல் எடை மையம் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கித் தண்ணீரை அடைகிறது. ஒரு மீட்டர் விழுகிற எதுவாக இருந்தாலும், தேங்காயோ பிள்ளையோ, விநாடிக்குச் சுமார் 4.4 மீட்டர் கீழ்நோக்கிய வேகம் வந்துவிடும். அது புவியீர்ப்பு இலவசமாகக் கொடுப்பது. முன்னோக்கிய வேகம் மட்டுமே அவளே சம்பாதித்தது. இரண்டையும் சேர்த்தால் தண்ணீருக்குள் நுழையும் வேகம் விநாடிக்கு 5.6 மீட்டர். அவள் நீந்தும் வேகமோ 1.4 மீட்டர். நான்கு மடங்கு! அந்தப் பந்தயம் முழுவதிலும் அவள் அதைவிட வேகமாகப் போகும் கணம் வேறு கிடையாது. உலக சாம்பியனுக்கும் இதே கதைதான், எண்கள் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கும்.

தூரமாக விழ வேண்டும் என்று நினைக்கும் பிள்ளை என்ன செய்யும்? உடம்பைக் காற்றில் நீட்டிப் படுக்கவைக்கும். கைகள் தண்ணீரைத் தொடும்போது மார்பு, வயிறு, தொடை எல்லாம் சேர்ந்தே தொடும். வயிறு சிவப்பது அதனால்தான். கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்கு அந்தச் 'சப்'பென்ற சத்தம் மறக்காது. எனக்கு இப்போது நினைத்தாலும் எரிகிறது. அந்தச் சத்தமும் எரிச்சலும், நான்கு மடங்கு வேகம் ஒரே நொடியில் செலவாகிப்போனதற்கான ரசீது. நீர்த்தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நான்கு மடங்கு வேகத்தில் பதினாறு மடங்கு தடை. அந்த நேரத்தில் உடம்பின் எந்தப் பகுதி தேவையில்லாமல் தண்ணீரில் மோதினாலும் அது பிரேக்தான்.

எனவே கைகள் துளைத்த அதே துளை வழியாகத் தலையும், தோளும், இடுப்பும், பாதமும் போக வேண்டும். உங்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மகளின் கைகள் ஓரிடத்தில் நுழைகின்றன, முழங்கால்கள் அதற்கு ஒரு மீட்டர் பின்னால் தனியாக ஒரு குழி தோண்டுகின்றன. பக்கத்து லேன் பெண் அவளைவிடக் கொஞ்சம் கிட்டத்தில்தான் விழுகிறாள். ஆனால் அவள் போன இடத்தில் ஒரே ஒரு வெள்ளை வட்டம்தான். இதைச் சாதிக்க, பிளாக்கை விட்டதும் இடுப்பு ஒரு கணம் மேலே இருக்க, கைகளும் தலையும் தண்ணீரை நோக்கி இறங்க வேண்டும்; பிறகு கால்கள் மேலே எழுந்து அதே கோட்டில் சேரும். குளத்து ஓரத்தில் தண்ணீரில் ஒரு வளையத்தை மிதக்கவிட்டு அதற்குள் முழு உடம்பும் போகப் பழக்குவது பழைய முறை. இன்றும் அதைவிட நல்ல முறை ஒன்றை நான் பார்க்கவில்லை.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கை. செங்குத்தாக நுழையப் பழகும் பிள்ளை முதல் சில வாரங்கள் தேவைக்கு மேல் ஆழமாகப் போகும். பிளாக் வைத்த குளத்தில் சுவரிலிருந்து 1 மீட்டர் தொடங்கிக் குறைந்தது 6 மீட்டர் வரை ஆழம் 1.35 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று உலக நீச்சல் விதி சொல்கிறது. அது குறைந்தபட்சம், பழகுவதற்கு இரண்டு மீட்டராவது இருக்கும் பக்கத்தைத் தேடுங்கள். நம் ஊர்ப் பள்ளிகளிலும் ஹோட்டல்களிலும் இடுப்பளவுத் தண்ணீர்ப் பக்கம் பிளாக் கட்டிவைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு டைவ்கூட வேண்டாம். தலை தரையில் மோதினால் கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் போய்விடும், அது திரும்பி வராது. கைகள் இரண்டும் கோத்து, மேல்கைகள் காதை ஒட்டி, தலைக்கு முன்னால் பூட்டிய மாதிரி இருப்பது வேகத்துக்காக மட்டும் இல்லை, தலையைக் காப்பதற்கும்தான்.

சரி, இப்போது அந்த 0.9 விநாடிக்கு வருவோம்.

உள்ளே போனதும் அவளிடம் இருக்கும் வேகத்தில் பெரும் பங்கு கீழ்நோக்கியது. அதைக் கிடைமட்டமாகத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் தரையை நோக்கிப் போவாள். அவசரமாகத் திருப்பினால் உடம்பு வளைந்து பலகை மாதிரி தண்ணீரைத் தடுக்கும். உங்கள் மகள் இரண்டாவது தவறைச் செய்கிறாள். பாதம் உள்ளே வருவதற்குள் தலையை நிமிர்த்தி மேலே பார்க்கிறாள். தலை நிமிர்ந்தால் முதுகு குழியும், இடுப்பு தாழும், கைகள் விரியும். ஒரு மீட்டர் தூரத்துக்குள் வேகம் செத்துவிடுகிறது. நல்ல வீரர்கள் தலையை அசைப்பதே இல்லை. விரல் நுனியைக் கொஞ்சம் மேலே காட்டி, மேல்முதுகை மெல்ல வளைத்து, கால்களால் ஒரு பெரிய உதை கொடுத்து, படகின் முனை திரும்புவதுபோல் நிதானமாகத் திரும்புவார்கள்.

அப்புறம் ஆழம். நீர்ப்பரப்பை ஒட்டிப் போகும் உடம்பு தனக்கு முன்னால் அலையைக் கிளப்பிக்கொண்டே போகிறது. அந்த அலையைக் கிளப்பும் சக்தி நீந்துபவரின் பையிலிருந்துதான் போகிறது. அரை மீட்டர், அதற்குச் சற்றுக் கூடுதலாகக் கீழே போனால் இந்த அலைத்தடை மிகவும் குறைந்துவிடும். நீருக்குள் மீன்போல் போவது மேலே நீந்துவதைவிட வேகமாக இருக்க முடிவதற்கு இதுதான் காரணம். அதனால்தான் விதியும் வந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டேவிட் பெர்கோஃப் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில், அதாவது மல்லாந்த நீச்சலில், முதல் நீளத்தின் பெரும் பகுதியை நீருக்குள்ளேயே டால்பின் கிக்கால் (இரண்டு கால்களையும் சேர்த்து மீன்வால்போல் அடிக்கும் உதை) கடந்தார். தகுதிச் சுற்றில் 54.51 விநாடியில் உலக சாதனை. இறுதியில் அதே உத்தியில் வந்த ஜப்பானின் டைச்சி சுசுகி 55.05-ல் அவரை முந்தித் தங்கம் வாங்கினார். பார்வையாளர்கள் வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது என்று கிண்டல் செய்வார்கள். பிறகு பேக்ஸ்ட்ரோக்குக்குக் கட்டுப்பாடு வந்தது. 1998-ல் பட்டர்ஃப்ளைக்கும் ஃப்ரீஸ்டைலுக்கும் 15 மீட்டர் எல்லை வந்தது. இன்று இந்த மூன்றிலும் 15 மீட்டருக்குள் தலை நீர்ப்பரப்பைக் கிழித்து வெளியே வந்துவிட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் 15 மீட்டர் வரை உள்ளேயே போகச் சொல்கிறேன்' என்று கிளம்பிவிடாதீர்கள். இணையத்தில் அமெரிக்க ஒலிம்பிக் சாம்பியன் கேலப் டிரெசலின் வீடியோவைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் எல்லோரும் செய்யும் தவறு அது. டிரெசலின் கால்கள் வேறு ரகம். உங்கள் மகளின் டால்பின் கிக் அவளுடைய நீச்சலைவிட மெதுவாக இருந்தால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு மீட்டரும் நஷ்டம்தான். அளந்து பாருங்கள். சுவரைத் தள்ளிக் கிளம்பி, நீருக்குள் டால்பின் கிக் மட்டும் போட்டு 5 மீட்டரில் மேலே தொங்கும் கொடியிலிருந்து 10 மீட்டர் வரை எத்தனை விநாடி? அதே 5 மீட்டரை நீந்தினால் எத்தனை? அவள் நீந்தும் வேகத்துக்கு 5 மீட்டருக்குச் சுமார் 3.6 விநாடி ஆகும். கிக்கில் 4 விநாடி ஆகிறது என்றால் 7 மீட்டருக்குள் மேலே வந்துவிடட்டும். கிக் வேகம் கூடக் கூட, மேலே வரும் இடத்தைத் தள்ளிக்கொண்டே போகலாம். மூச்சை அடக்கி நீருக்குள் நீளம் போடும் பயிற்சியை மட்டும் கரையில் ஆள் இல்லாமல் ஒருபோதும் செய்யக் கூடாது. நல்ல நீச்சல்காரர்களே சத்தமில்லாமல் மயங்கிப்போவார்கள்.

கிக்கை எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். நுழைந்த உடனே கால்களை ஆட்டினால், விநாடிக்கு நான்கு ஐந்து மீட்டர் வேகத்தில் போகும் உடம்புக்கு அந்தக் கிக் தடையைத்தான் சேர்க்கும். ஓடும் பஸ்ஸிலிருந்து காலை வெளியே நீட்டித் தரையைத் தள்ளுகிற மாதிரி. ரொம்ப நேரம் சும்மா சறுக்கினால் வேகம் 1.4-க்கும் கீழே விழுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும். பெரிய வீரர்கள் ஏறக்குறைய 6 மீட்டர் தூரத்தில் கிக்கைத் தொடங்குகிறார்கள். 13 வயதுப் பெண்ணின் வேகம் அதற்கு முன்பே குறைந்துவிடும். மகளிடம் சொல்லுங்கள்: பாதம் உள்ளே வந்ததும் மனதுக்குள் 'ஒன்று' என்று நிதானமாகச் சொல்லி முடிக்கும் வரை அம்பாக இரு, பிறகு உதை. உங்கள் வீடியோவில் அவள் 'ஒன்று, இரண்டு' இரண்டையும் சொல்லி முடிக்கும் அளவுக்குச் சறுக்குகிறாள். கிட்டத்தட்ட நின்றே விடுகிறாள். அதன் பிறகு தலையைத் தூக்கி, முதல் கையை இழுப்பதற்குள் மூச்சும் எடுக்கிறாள். அந்த 0.9 விநாடியில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. முதல் கை, இரண்டாம் கை இரண்டுக்கும் மூச்சு எடுக்காமல் பழகட்டும். மேலே வரும்போது தலை முதலில் வரக் கூடாது. முதல் கையின் இழுப்பே அவளை வெளியே கொண்டுவர வேண்டும்.

சின்னச் சின்ன நேரம்தானே என்று தோன்றலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை டிரெசல் 47.02-ல் முடித்தார், ஆஸ்திரேலியாவின் கைல் சால்மர்ஸ் 47.08. பின்பாதியில் சால்மர்ஸ்தான் வேகமாக வந்தார். முன்பாதியில் டிரெசல் சேர்த்துவைத்திருந்த முன்னிலை தீர்வதற்கு முன் சுவர் வந்துவிட்டது.

இப்போது அந்தச் சாய்பலகை. ஒலிம்பிக்கில் அது முதலில் 2012 லண்டனில் வந்தது. பிளாக்கின் பின்பக்கம் 30 டிகிரி சாய்வில் ஒரு பலகை. அதை முன்னும் பின்னும் நகர்த்தி ஐந்து இடங்களில் பூட்டலாம். ஓட்டப்பந்தயக்காரர்களின் கால்கட்டை மாதிரிதான். சமதளத்தில் பின்காலால் தள்ளும்போது விசையில் பெரும் பகுதி கீழே போகும். சாய்பலகை இருந்தால் பின்கால் பீப் ஒலித்த கணத்திலிருந்தே பின்னோக்கித் தள்ளும், உடம்பு முன்னோக்கிப் போகும். இது வந்த பிறகு, இரண்டு பாதங்களையும் முன்விளிம்பில் சேர்த்து வைத்து, பிளாக்கைப் பிடித்துக் குதிக்கும் பழைய முறை பெரிய போட்டிகளில் ஏறக்குறைய மறைந்தே போனது.

உங்கள் ஊர்க் குளத்தில் பலகை இல்லை என்பதற்காகப் பழைய முறையில் பழகிவிட்டு, போட்டியில் புது முறைக்கு மாறாதீர்கள். சமதள பிளாக்கிலும் ஒரு கால் முன், ஒரு கால் பின் என்றே நிற்கட்டும். பின்பாதத்தின் குதிகால் தூக்கியபடி, முன்பாதம் ஊன்றியிருக்கட்டும். பலகை கிடைக்கும் நாளில் அதே கால், அதே நிலை. பின்முழங்கால் ஏறக்குறைய 90 டிகிரி மடங்கும்படி பலகையை வைத்தால் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். முழங்கால் மார்பில் இடித்தால் பலகை கிட்டத்தில் இருக்கிறது, இடுப்பு பின்னால் இழுத்தால் தூரத்தில் இருக்கிறது. எந்த எண்ணில் பொருந்துகிறது என்று வார்ம்-அப் நேரத்தில் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பந்தயத்துக்கு ஏறும்போது முன்னால் நீந்திய ஆறடிப் பையன் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே பலகை இருக்கும். உங்கள் மகள் குழம்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குச் சந்தேகம்.

எந்தக் கால் பின்னால்? வலக்கைப் பழக்கம், இடக்கைப் பழக்கம் என்று அதற்கு நிலையான விதி எதுவும் இல்லை. பின்னாலிருந்து திடீரென்று தள்ளிவிட்டு எந்தக் காலை முன்னால் வைக்கிறாள் என்று பார்க்கும் வைத்தியம் ஒன்று உண்டு. அதை நான் நம்புவதில்லை. இரண்டு வாரம் இரண்டு காலிலும் மாற்றி மாற்றிப் பழகட்டும். பிறகு ஒரு நாள், களைப்பில்லாத நேரத்தில், காலுக்கு ஐந்து டைவ், நடுவே நல்ல ஓய்வு. 15 மீட்டர் நேரத்தை ஒப்பிடுங்கள். எது வேகமோ அதுதான் அவள் கால். அதன் பிறகு மாற்றவே கூடாது.

கைகளைப் பற்றிக் கொஞ்சம். பிளாக்கின் விளிம்பைப் பிடித்திருக்கும் கைகள் அலங்காரத்துக்கு இல்லை. பீப் ஒலித்ததும் முதலில் நடக்க வேண்டியது கைகள் விளிம்பை மேலும் பின்னும் இழுப்பது. அந்த இழுப்பு உடம்பை முன்னால் சாய்க்கும், பின்கால் தள்ளும், கடைசியாக முன்கால் நீட்டி விடும். நிற்கும்போது எடையை முழுவதும் பின்னால் போட்டுக் கவண்போல் பாய்கிற பாணி ஒன்று உண்டு. கால்வலு நிறைந்த பெரியவர்களுக்கு அது சரி. மகளுக்கு எடை நடுவில், கொஞ்சம் முன்னால் இருக்கட்டும்.

கால்வலு பற்றிக் கேட்பீர்கள். நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் குதிக்கிறார் என்பதற்கும் ஸ்டார்ட் வேகத்துக்கும் நல்ல தொடர்பு உண்டு. இந்த வயதில் பளு தூக்க அவசரம் வேண்டாம். வாரம் இரண்டு நாள், நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், உட்கார்ந்து எழுந்து குதித்தல், ஸ்கிப்பிங் போதும். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டில் வலி என்றால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். வேகமாக உயரும் வயதில் அது அடிக்கடி வரும்.

அளப்பதற்கு வெளியில் போய் எதுவும் வாங்க வேண்டாம். பேக்ஸ்ட்ரோக் கொடிகள் சுவரிலிருந்து 5 மீட்டரில் இருக்கும். லேன் கயிற்றில் 15 மீட்டர் இடத்தில் மிதவையின் நிறம் மாறியிருக்கும். கைப்பேசியை 15 மீட்டர் கோட்டுக்கு நேரே, கரையில் ஸ்டாண்டில் வையுங்கள். சாய்வாக நின்று எடுத்தால் அரை மீட்டர் பொய் சொல்லும். விநாடிக்கு 60 பிரேம் என்று அமைத்தால் ஒரு பிரேம் 0.017 விநாடி, நமக்கு அது தாராளம். வாரம் ஒரு நாள், மூன்று டைவ் மட்டும் அளந்து, நடுவில் வரும் எண்ணை எழுதிவையுங்கள். எல்லா டைவையும் அளந்தால் பிள்ளைக்குப் பிளாக் மேல் ஏறவே வெறுப்பு வந்துவிடும்.

முதல் ஆறு வாரம் பிளாக்கில் எதையும் மாற்ற வேண்டாம் என்பதுதான் கோச்சிடம் நீங்கள் பேச வேண்டியது. ஒரே துளை, தலை அசையாமை, 'ஒன்று' சொல்லிக் கிக், மூச்சில்லாத முதல் இரண்டு கை. அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த இரண்டு வீடியோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டுக் காட்டுங்கள். 8.2 என்பது 7.7-க்கு வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அதற்குக் கீழே போக, பிறகு கால்வலுவும் சாய்பலகையும் வேண்டும்.

கடைசியாக, கண்ணாடி. அது கழல்வது பட்டை தளர்ந்ததால் இல்லை. கண் தண்ணீரை நேருக்கு நேர் பார்த்தபடி நுழைவதால், தண்ணீர் கண்ணாடியின் மேல் விளிம்பைப் பிடித்து உரிக்கிறது. மோவாய் உள்ளே மடங்கி, உச்சந்தலை கைகளுக்குப் பின்னால் ஒளிந்து நுழைந்தால் அது அசையவே அசையாது. அதுவரை பட்டையைத் தொப்பிக்கு அடியில் போட்டு, மேலே இரண்டாவது தொப்பி ஒன்று மாட்டிவிடுங்கள். இறுக்கி இறுக்கிக் கண்ணைச் சுற்றி வளையம் பதித்து அனுப்ப வேண்டாம், பாவம்.